காருக்குள் வாடை: வாசனைப் புட்டி வாங்கும் முன் செய்ய வேண்டியவை

போன வருடம் மே மாதம், மளிகைச் சாமான்களோடு வந்த அரை லிட்டர் பால் பாக்கெட் ஒன்று பையிலிருந்து நழுவி முன் சீட்டுக்கு அடியில் போய்விட்டது. சீட் நகரும் இரும்புத் தடத்தில் உரசி அதன் ஒரு மூலை கிழிந்திருந்தது. அன்று மாலையே பார்த்துவிட்டேன். பழைய துணியால் ஒற்றி எடுத்தேன், ஈரத்துணியால் இரண்டு முறை துடைத்தேன், சரி, முடிந்தது என்று விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் மதியம், வெயிலில் நின்றிருந்த காரின் கதவைத் திறந்தேன். ஒரு வாரம் மூடிக் கிடந்த மோர்ப்பானையைத் திறந்ததுபோல ஒரு புளித்த நெடி முகத்தில் அடித்தது. பின் சீட்டில் ஏறிய அம்மா, ஒன்றும் சொல்லாமல் புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

நான் செய்த முதல் வேலை, ஏசி துவாரத்தில் மாட்டும் மல்லிகை வாசனைப் புட்டி ஒன்றை வாங்கி மாட்டியது. மறுநாள் மல்லிகையும் புளித்த பாலும் சேர்ந்து வீசியதில் பத்து நிமிடம்கூட உட்கார முடியவில்லை. அதன் பிறகுதான் முறையாக ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தேன். முதல் கார் வாங்கியவர்களும், பழைய கார் வாங்கி அதோடு பழைய வாடையையும் சேர்த்து வாங்கியவர்களும் அதே தவறைச் செய்ய வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

அடிப்படை இதுதான். காரில் வாடை வருகிறது என்றால், ஏதோ ஒரு பொருள் ஏதோ ஓர் இடத்தில் ஈரத்தோடு கிடக்கிறது. அதைக் கண்டுபிடித்து எடுத்து, அந்த இடத்தைக் காயவைத்தால் வாடை போகும். எடுக்காதவரை எதைத் தெளித்தாலும் போகாது.

முதலில், ஆபத்தான வாடையா என்று பாருங்கள்

துடைப்பதற்கு முன் இதை முடித்துவிடுங்கள். சில வாடைகளுக்கும் சுத்தத்துக்கும் சம்பந்தமே இல்லை. வண்டியில் கோளாறு இருப்பதைச் சொல்பவை அவை.

பெட்ரோல் நெடி தொடர்ந்து வந்தால் எங்கோ கசிகிறது. வண்டியை எடுக்காமல் மெக்கானிக்கை வரவழையுங்கள். சிஎன்ஜி, எல்பிஜி வண்டிகளிலும் அப்படித்தான். வாயு கசிவது தெரிய வேண்டும் என்பதற்காகவே அதில் நாற்றப் பொருளைக் கலந்து விடுகிறார்கள். ஓடும்போது புகைக்குழாய்ப் புகை உள்ளே வந்தால் கண்ணாடிகளை இறக்கிவிட்டு, அன்றே காட்டுங்கள். அந்தப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்குத் தனியாக வாடை கிடையாது, ஆனால் உயிரை எடுத்துவிடும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் பேட்டரி அளவுக்கு மீறி சார்ஜ் ஆகிக்கொண்டிருக்கலாம், அல்லது புகைக்குழாயில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் கோளாறு இருக்கலாம். இனிப்பான சிரப் வாடையோடு முன் கண்ணாடியில் உள்பக்கம் பிசுபிசுப்பாகப் பனிப்படலம் படிந்தால், ஹீட்டரிலிருந்து கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) கசிகிறது என்று பொருள். கருகல் வாடை என்றால் கிளட்ச், பிரேக், ஒயர் மூன்றில் ஒன்று. இவற்றில் எதுவானாலும் நேராக மெக்கானிக்கிடம் போக வேண்டியதுதான். இந்தக் கட்டுரை அதற்கு உதவாது.

இவை எதுவும் இல்லையா? அப்போது வேலை நம்முடையது.

மூக்கால் தேடுவது

இரண்டு மூன்று மணி நேரம் கண்ணாடிகளை முழுக்க ஏற்றி, காரை வெயிலில் நிறுத்துங்கள். வெளியே 35 டிகிரி இருந்தால் உள்ளே 50ஐத் தாண்டிவிடும். அந்தச் சூட்டில் ஒளிந்திருக்கும் வாடையெல்லாம் கிளம்பி வெளியே வரும். பிறகு ஒரு கதவை மட்டும் திறந்து குனிந்து மோந்து பாருங்கள். அதை மூடிவிட்டு அடுத்த கதவு. கடைசியில் டிக்கி. ஒரு பக்கம் தூக்கலாகத் தெரியும்.

ஒன்றைக் கவனியுங்கள். நம் மூக்கு சில நிமிடங்களிலேயே ஒரு வாடைக்குப் பழகிவிடும். தினமும் அந்தக் காரில் போய்வருபவருக்குத் தெரியவே தெரியாது. அதனால் அந்த வாரம் அந்தக் காரில் ஏறாத ஒருவரைக் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அம்மாதான் இதற்குச் சரியான ஆள்.

எப்படிப்பட்ட வாடை என்று கேளுங்கள். இதற்கு நம் பேச்சில் இருக்கும் சொற்களே நல்ல கருவி. புளிச்ச வாடை என்றால் பால், தயிர், இட்லி மாவு, வாந்தி. கவுச்சி என்றால் மீன், கருவாடு, முட்டை. நனைந்து காயாத துணியின் முடை நாற்றம் என்றால் கால்மிதி மேட்டுக்கு அடியில் தண்ணீர், அல்லது ஏசி. மக்கல் வாடை என்றால் இலை, பூ, காகிதம். சிக்கு வாடை என்றால் எண்ணெய்: பஜ்ஜிப் பொட்டலம், தலையில் வைத்த எண்ணெய் ஊறிய சீட் தலையணை. பிண வாடை என்றால், எலி.

இன்னொரு சின்னச் சோதனை. எஞ்சினை ஆன் செய்து புளோயரை வேகமாக வையுங்கள். வாடை சட்டென்று கூடுகிறதா? அப்படியானால் காற்று வரும் வழியில் இருக்கிறது. கூடவில்லை, அதே அளவில்தான் இருக்கிறது என்றால் சீட், தரை, டிக்கி பக்கம் தேடுங்கள். இந்த ஒரு சோதனை பாதி வேலையை மிச்சப்படுத்தும்.

காலி செய்யுங்கள், முழுக்க

மேட்களை எடுங்கள். சீட்டை முழுக்க முன்னே தள்ளிப் பின்புறத்திலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள், பிறகு பின்னே தள்ளி முன்புறத்திலிருந்து பாருங்கள். கதவுப் பைகள், சீட்டின் முதுகுப் பை, சீட் பெல்ட் கொக்கி மாட்டும் இடுக்கு, குழந்தை சீட்டின் மடிப்பு, கியருக்குப் பக்கத்தில் இருக்கும் பள்ளம் என்று எதையும் விடாதீர்கள். டிக்கியில் விரிப்பைத் தூக்கி ஸ்டெப்னி டயரை வெளியே எடுத்துவிடுங்கள். அந்தக் குழியில் தண்ணீர் நின்று துருப்பிடித்திருப்பதைப் பலர் வண்டியை விற்கும்போதுதான் பார்க்கிறார்கள்.

நம் ஊர்க் கார்களுக்கென்றே ஓர் இடம் உண்டு. டேஷ்போர்டில் பிள்ளையார் வைத்து தினமும் பூ வைப்போம் இல்லையா? காய்ந்த மல்லிகையும் துளசியும் உதிர்ந்து, முன் கண்ணாடிக்குக் கீழே நீளமாக இருக்கும் காற்றுத் துவாரத்துக்குள் விழும். ஈரக் காற்று படப் பட அங்கேயே மக்கும். என் காரில் மெல்லிய தூரிகையை வாக்குவம் கிளீனர் முனையோடு சேர்த்துப் பிடித்து இழுத்தபோது, ஒரு கைப்பிடி அளவுக்குச் சருகு வந்தது. அதற்கப்புறம் பூவை ஒரு சின்னக் கிண்ணத்தில்தான் வைக்கிறோம். ஆயுத பூஜைக்குக் கட்டிய மாலையையும் எலுமிச்சம்பழத்தையும் மறக்காமல் மறுநாளே எடுத்துவிடுங்கள்.

காலி செய்த பிறகு வாக்குவம் போடுங்கள். அடுத்து ஈரத்தைத் தேட வேண்டும். தரைக் கார்ப்பெட்டின் மேல் நாலாக மடித்த பழைய செய்தித்தாளை வைத்து, குதிகாலால் அரை நிமிடம் அழுத்தி எடுங்கள். தாளில் ஈரம் ஊறியிருந்தால் அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கார்ப்பெட் மேலே காய்ந்த மாதிரி தெரிந்தாலும், கீழே இருக்கும் பஞ்சு மெத்தை தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும்.

புளிப்புக்குச் சோடா, கவுச்சிக்குப் புளிப்பு

மீன் குழம்பில் ஏன் புளி ஊற்றுகிறோம், மீனை ஏன் எலுமிச்சை தடவி வைக்கிறோம் என்று யோசித்ததுண்டா? மீனின் கவுச்சிக்குப் பெரிய காரணம் டிரைமெத்தில்அமீன் என்ற பொருள். அது காரத்தன்மை கொண்டது. புளியிலும் எலுமிச்சையிலும் இருக்கும் அமிலம் அதோடு சேர்ந்து உப்பாக மாற்றிவிடும். உப்பான பிறகு அது காற்றில் பறந்து மூக்குக்கு வராது. பாட்டிமார் சமையலறையில் செய்ததை அப்படியே காரில் செய்யலாம். புளித்தண்ணீர் கறை பிடிக்கும் என்பதால் வெள்ளை வினிகர் எடுத்துக்கொள்ளுங்கள்.

பால் நேர் எதிர். பால் கெடும்போது லாக்டிக் அமிலமும், கொழுப்பு சிதையும்போது பியூட்ரிக் அமிலமும் உண்டாகின்றன. அந்தக் குமட்டும் நெடி பெரும்பாலும் பின்னதால் வருவது. வாந்தியில் வரும் நெடியிலும் அதற்குப் பங்கு உண்டு. அமிலத்தை அடக்கக் காரம் வேண்டும். நம் சமையலறையில் இருக்கும் ஆப்ப சோடாவே போதும்.

ஆகவே நினைவில் வைத்துக்கொள்ள எளிது. பால், தயிர், மாவு, வாந்தி என்றால் ஆப்ப சோடா. மீன், நாள்பட்ட சிறுநீர் என்றால் வினிகர். இரண்டையும் சேர்த்துக் கலக்காதீர்கள். நுரை பொங்குவது பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் ஒன்றை ஒன்று தீர்த்துக்கொண்டு கடைசியில் மிஞ்சுவது ஏறக்குறைய உப்புத் தண்ணீர்தான்.

பால் கொட்டினால், வரிசையாக

இதை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் காரில் கொட்டுகிற பொருட்களில் இவ்வளவு பிடிவாதமானது வேறில்லை.

கொட்டியவுடன் துடைக்காதீர்கள், ஒற்றி எடுங்கள். தேய்த்துத் துடைத்தால் பால் பஞ்சுக்குள் இன்னும் ஆழமாக இறங்கும். வெள்ளைத் துணியை வைத்து உள்ளங்கையால் அழுத்தி எடுங்கள், துணியை மாற்றி மாற்றி, ஈரம் ஒட்டாமல் போகும் வரை. பிறகு குளிர்ந்த தண்ணீரைக் கொஞ்சமாக ஊற்றி, மறுபடி ஒற்றி எடுங்கள். வெந்நீர் வேண்டவே வேண்டாம். சூட்டில் பாலின் புரதம் திரிந்து நார்களில் ஒட்டிக்கொள்ளும். நான் முதல் நாள் செய்த தவறு இரண்டு. மேற்பரப்பை மட்டும் துடைத்தேன், வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்தேன்.

அப்புறம் என்சைம் கிளீனர். நாய், பூனைக்குப் பொருள் விற்கும் கடைகளிலும் ஆன்லைனிலும் கிடைக்கும். புரதத்தையும் கொழுப்பையும் சிறு துண்டுகளாகச் சிதைப்பதுதான் அதன் வேலை. இதைத் தெளித்துவிட்டு உடனே துடைத்தால் பயன் இல்லை. பால் எவ்வளவு ஆழம் போனதோ அவ்வளவு ஆழம் இதுவும் போக வேண்டும், சில மணி நேரம் ஈரமாகவே இருக்க வேண்டும். அதனால் தாராளமாக ஊற்றி மேலே ஒரு பாலித்தீன் தாளைப் போட்டு மூடிவிடுங்கள். டெட்டால், பினாயில் போன்றவற்றை இதற்கு முன் ஊற்றியிருந்தால் என்சைம் வேலை செய்யாமல் போகலாம். அவற்றை முதலில் தண்ணீரால் அலசி எடுத்துவிடுங்கள். எந்தத் திரவமானாலும் சீட் துணியின் மறைவான மூலையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, நிறம் போகவில்லை என்று தெரிந்த பிறகே ஊற்றுங்கள்.

அது முடிந்ததும் ஈரத்தை உறிஞ்சி எடுக்க வேண்டும். தண்ணீரையும் இழுக்கும் வகை வாக்குவம் கிளீனர் இருந்தால் சிறப்பு. இல்லையென்றால் பழைய டர்க்கி டவலை மடித்து வைத்து அதன் மேல் ஏறி நிற்க வேண்டியதுதான். பிறகு லேசான ஈரம் இருக்கும்போதே ஆப்ப சோடாவைச் சல்லடையில் சலித்து, கோலமாவு தூவுவது போல அந்த இடம் வெளுக்கும்வரை தூவி, ஓர் இரவு விடுங்கள். காலையில் தூள் கட்டி கட்டியாக இறுகியிருக்கும். தூரிகையால் உடைத்து வாக்குவம் போடுங்கள்.

கடைசியாகக் காயவைப்பது. இதில்தான் எல்லோரும் அவசரப்படுகிறோம். நான்கு கதவையும் திறந்து, ஒரு டேபிள் ஃபேனைக் கதவருகே வைத்து, கார்ப்பெட்டின் ஓரத்தைத் தூக்கி அடியில் ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுங்கள். காற்று அடியில் போக வேண்டும். எனக்கு இரண்டு முழு நாள் ஆயிற்று. அதன் பிறகும் லேசாக வாடை இருந்ததால் என்சைமிலிருந்து மறுபடி ஒரு சுற்று செய்தேன். இரண்டாவது சுற்றில்தான் போனது.

சீட்டைக் கழற்றினால் வேலை எளிது. ஆனால் சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற ஒயர் கனெக்டர் தெரிந்தால் அதைத் தொடாதீர்கள். அது ஏர்பேக் இணைப்பு. அந்த வேலையை மெக்கானிக்கிடம் விடுங்கள்.

இட்லி மாவுக்கும் இதே முறைதான், ஆனால் அது கெட்டியாக இருப்பதால் முதலில் கரண்டியால் வழித்து எடுத்துவிடுங்கள். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறியிறங்கும்போது குழந்தை வாந்தி எடுத்தாலும் இதே வரிசைதான். அந்த இடத்திலேயே ஆப்ப சோடா இருக்காது. கையில் இருக்கும் தண்ணீரையும் செய்தித்தாளையும் வைத்து முடிந்தவரை எடுத்துவிட்டு, கண்ணாடியை இறக்கி ஓட்டுங்கள். வீட்டுக்கு வந்ததும் அன்றே மிச்சத்தைச் செய்துவிடுங்கள். மறுநாளைக்கு ஒத்திப் போட்டால் வேலை இரட்டிப்பாகும்.

மீன் தண்ணீர் டிக்கியில் கசிந்தால், ஒரு பங்கு வினிகருக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து தெளித்து, கால் மணி நேரம் விட்டு, ஒற்றி எடுத்துக் காயவையுங்கள். வினிகர் வாடை காய்ந்ததும் போய்விடும். அதற்குப் பிறகும் கவுச்சி மிஞ்சினால் என்சைம். உண்மையான தோல் சீட்டில் மட்டும் வினிகரும் சோடாவும் வேண்டாம், தோலுக்கென்று விற்கும் கிளீனரையே பயன்படுத்துங்கள். ரெக்சினுக்குப் பிரச்சினை இல்லை, தையல் ஓட்டைகளில் திரவம் இறங்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

ஏசி போட்டதும் வரும் ஈரத்துணி வாடை

சென்னை மாதிரிப் புழுக்கமான ஊர்களில் அதிகம் கேட்கும் புகார் இது. ஏசியை ஆன் செய்த முதல் அரை நிமிடம் காயாத துணி வாடை, அப்புறம் குறைந்துவிடும்.

டேஷ்போர்டுக்குள் ஏசியின் ‘கூலிங் காயில்’ (coil, காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருள்) இருக்கிறது. குளிர்ந்த சொம்பின் வெளியே தண்ணீர் முத்துமுத்தாகக் கோப்பது போல, ஈரக் காற்று அதன் மேல் படும்போது தண்ணீர் கோத்து, ஒரு குழாய் வழியாக வண்டிக்கு அடியில் சொட்டும். ஏசியோடு எஞ்சினை அணைத்தால் காயில் நனைந்தபடி இருட்டில் கிடக்கும். அதில் ஒட்டியிருக்கும் தூசியும் சேர்ந்துவிட்டால் பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் வேறென்ன வேண்டும்?

முதலில் காருக்குள் வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரைப் பாருங்கள். பல கார்களில் டேஷ்போர்டின் இடப்பக்கப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும். பெட்டியைத் திறந்து, இரண்டு பக்கமும் உள்ளே அழுத்தினால் அது முழுக்கக் கீழே இறங்கிவிடும். அதன் பின்னால் நீள்சதுர மூடி, மூடிக்குள் ஃபில்டர். வெளியே இழுக்கும் முன் அதன் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் அம்புக்குறி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், புதியதையும் அப்படியே வைக்க வேண்டும். ஃபில்டர் சாம்பல் நிறத்தில் இலைத் துணுக்குகளோடு இருந்தால் மாற்றிவிடுங்கள். கழுவிக் காயவைத்து மறுபடி போடாதீர்கள், காகித ஃபில்டர் அதற்கானதல்ல. எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை என்பது உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கும். தூசிச் சாலைகளில் ஓட்டுபவர்கள் வருடத்துக்கு ஒரு முறையாவது மாற்றுவது நல்லது. இதை நீங்களே செய்தால் பத்து நிமிட வேலை.

அடுத்து, ஏசியை ஒரு கால் மணி நேரம் ஓடவிட்டு வண்டிக்கு அடியில் எட்டிப் பாருங்கள். புழுக்கமான நாளில் தரையில் தண்ணீர் சொட்டியிருக்க வேண்டும். சொட்டவில்லை, முன் இருக்கையின் கால் வைக்கும் இடம் ஈரமாக இருக்கிறது என்றால் வடிகுழாய் அடைத்திருக்கிறது. அந்தத் தண்ணீர் உங்கள் கார்ப்பெட்டுக்குத்தான் வருகிறது. மெக்கானிக் அடியிலிருந்து அடைப்பை எடுத்துவிடுவார்.

இரண்டும் சரியாக இருந்தும் வாடை வந்தால், காயிலைக் கழுவ வேண்டும். அதற்கென்று நுரை கிளீனர் டின்னில் கிடைக்கிறது. எஞ்சினை அணைத்துவிட்டு, ஃபில்டர் இருக்கும் பக்கமோ வடிகுழாய் வழியாகவோ நீளக் குழாயை விட்டு அடிக்க வேண்டும். புளோயர் மோட்டாரில் படக்கூடாது. எந்த வழி என்று உங்கள் வண்டியில் உறுதியாகத் தெரியவில்லை என்றால், ஏசி மெக்கானிக்கிடம் கொடுப்பதே மேல். முடிந்ததும் கதவுகளைத் திறந்து வைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, புளோயரைப் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். நீங்கள் வெளியே நில்லுங்கள். வண்டி திறந்த வெளியில் இருக்கட்டும், மூடிய ஷெட்டில் எஞ்சினை ஓடவிட வேண்டாம்.

திரும்ப வராமலிருக்க ஒரே பழக்கம் போதும். வீடு வர மூன்று நான்கு நிமிடம் இருக்கும்போதே ஏசி பொத்தானை அணைத்துவிட்டு, புளோயரை மட்டும் வெளிக்காற்று வரும் நிலையில் ஓடவிடுங்கள். காயில் காய்ந்துவிடும். உள்காற்றே சுற்றும் பொத்தானை எப்போதும் போட்டே வைக்கும் வழக்கத்தையும் விடுங்கள். ஈரமும் வாடையும் உள்ளேயே சுற்றும். நான்கைந்து பேர் போகும் நீண்ட பயணத்தில் மூச்சுக்காற்றின் கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து ஓட்டுபவருக்குத் தூக்கக் கலக்கமும் வரும்.

மழையும் வெள்ளமும்

மேட்டைத் தூக்கினால் ஈரம், ஆனால் எதுவும் கொட்டவில்லை என்றால் மழைத்தண்ணீர் எங்கோ உள்ளே வருகிறது. பெரும்பாலும் வைப்பருக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் சல்லடைப் பகுதி. வேப்பமரத்தடியிலோ புங்கமரத்தடியிலோ நிறுத்தும் வண்டியில் அங்கே சருகு சேர்ந்து வடிகால் அடைத்துவிடும். பானெட்டைத் திறந்து கையாலேயே அள்ளி எடுக்கலாம். புளோயருக்கு வெளிக்காற்று போகும் வழியும் அதுதான் என்பதால், அங்கே மக்கும் இலையின் வாடை நேராக உங்கள் முகத்துக்கு வரும். பிறகு கதவு ரப்பர் பீடிங், கதவின் அடி விளிம்பில் இருக்கும் சிறு துளைகள், சன்ரூஃப் இருந்தால் அதன் வடிகுழாய்கள். ஒருவர் உள்ளே டார்ச்சோடு உட்கார, இன்னொருவர் வெளியிலிருந்து ஹோஸ் பைப்பால் ஒவ்வொரு பக்கமாகத் தண்ணீர் விட்டால் கசியும் இடம் தெரிந்துவிடும். கசிவை அடைக்காமல் கார்ப்பெட்டைக் காயவைத்துப் பயனில்லை.

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் பார்த்தது போல, வெள்ளம் தரைக்கு மேல் ஏறிவிட்டால் இது வீட்டில் செய்யும் வேலை இல்லை. ஸ்டார்ட் செய்யவே கூடாது. படம் எடுத்துவைத்து இன்சூரன்ஸுக்குத் தெரிவித்து, வண்டியைக் கட்டி இழுத்துக் கொண்டுபோக வேண்டும். வெள்ளத்தில் சாக்கடைத் தண்ணீர் கலந்திருக்கும், கார்ப்பெட்டையும் அதன் பஞ்சையும் முழுக்க வெளியே எடுத்தே ஆக வேண்டும். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். அடிப்பகுதியில் சேற்றுக் கோடு இருந்தால் அந்த வண்டி தண்ணீரில் நின்றிருக்கிறது. கதவைத் திறந்ததும் வாசனைத் திரவியம் தூக்கலாக அடித்தால், எதை மறைக்கிறார்கள் என்று யோசித்து ஸ்டெப்னிக் குழியைத் திறக்கச் சொல்லுங்கள்.

எலி

இரண்டு நாளில் வாடை ஏறிக்கொண்டே போய், புளோயர் போட்டால் தாங்க முடியவில்லை என்றால் அநேகமாகச் செத்த எலிதான். கேபின் ஃபில்டர் பெட்டி, எஞ்சின் ஏர் ஃபில்டர் பெட்டி, பானெட்டின் உள்பக்க மெத்தை ஆகிய இடங்களைப் பாருங்கள். கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் தொடாதீர்கள். எலிச் சிறுநீரால் எலிக்காய்ச்சல் பரவும். புழுக்கைகளை உலர்ந்தபடி கூட்டவோ வாக்குவம் போடவோ கூடாது, தூசி கிளம்பும். கிருமிநாசினியைத் தெளித்து நனைத்து, ஐந்து பத்து நிமிடம் விட்டு, காகிதத்தால் அள்ளி, பையில் கட்டிப் போடுங்கள். ஃபில்டரைப் புதிதாக மாற்றுங்கள். ஒயர்களைக் கடித்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

சிகரெட் வாடை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. புகையின் பிசின் கண்ணாடியின் உள்பக்கத்திலும் கூரைத் துணியிலும் படிந்திருக்கும். சோப்புத் தண்ணீரில் பிழிந்த துணியால் எல்லாக் கடினப் பரப்பையும் துடைத்து, சீட்டுகளைக் கழுவி, ஃபில்டரை மாற்ற வேண்டும். கூரைத் துணியை மட்டும் மெதுவாகத் துடையுங்கள், அதிகம் நனைத்தால் பசை விட்டுத் தொங்கும்.

செய்யக்கூடாதவை சில

அந்துருண்டையைக் காரில் போடாதீர்கள். மூடிய சூட்டில் அதன் ஆவி அடர்த்தியாகச் சேரும். ஜி6பிடி என்ற என்சைம் பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அது இரத்த அணுக்களையே சிதைக்கக்கூடியது. சாம்பிராணியும் ஊதுபத்தியும் காருக்குள் வேண்டாம், புகை கூரைத் துணியில் படிவதோடு தீப்பொறி விழும் ஆபத்தும் உண்டு. பிளீச்சிங் பவுடர் கரைசலையும் வினிகரையும் ஒரே இடத்தில் பயன்படுத்தாதீர்கள், குளோரின் வாயு வரும். ஓசோன் இயந்திரம் வைத்துத் தருகிறோம் என்று சில சர்வீஸ் இடங்களில் சொல்வார்கள். மூலப்பொருளை எடுத்த பிறகு மிஞ்சும் வாடைக்கு அது உதவும், ஆனால் ஓசோன் நுரையீரலுக்குக் கெடுதல். அது ஓடும்போது உள்ளே யாரும் இருக்கக்கூடாது, பிறகு கதவுகளைத் திறந்துவைத்து நன்றாகக் காற்றாட விட்டே ஏற வேண்டும். ஸ்ப்ரே டின்களை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிடாதீர்கள், சூட்டில் வெடிக்கலாம்.

எல்லாம் முடித்துக் காய்ந்த பிறகும் மெல்லிய மிச்சம் இருந்தால், ஆக்டிவேட்டட் கரிப் பை ஒன்றைச் சீட்டுக்கு அடியில் வையுங்கள். அடுப்புக்கரியைவிட அது பல மடங்கு நுண்துளைகள் கொண்டது, மெதுவாக உறிஞ்சும். வாசனை பிடிக்கும் என்றால் இப்போது வாங்கி மாட்டிக்கொள்ளலாம், தடையில்லை.

வேலை முடிந்ததா என்று பார்க்க, முதலில் செய்த சோதனையையே திரும்பச் செய்யுங்கள். கண்ணாடிகளை ஏற்றி ஒரு பகல் முழுக்க வெயில். நான் அப்படி நிறுத்திவிட்டு, சாயங்காலம் அம்மாவைக் கூப்பிட்டு முன் கதவைத் திறக்கச் சொன்னேன். குனிந்து சீட்டுக்கு அடியில் மோந்தார், பின் கதவையும் திறந்து பார்த்தார். "இப்ப ஒண்ணும் தெரியலப்பா" என்றார். மறு வாரமும் ஒரு முறை அவரையே பார்க்கச் சொன்னேன், ஏனென்றால் பஞ்சுக்குள் மிச்சம் இருந்தால் அடுத்த ஈர நாளில்தான் அது கிளம்பும்.